முதுகில் சோளகம்

வன்னியில் பொங்கலுக்குப் போகவும் செத்தவீட்டுக்குப் போகவும் ஒரே றோட்டுத்தான். வைகாசிப் பொங்கல் திங்கட்கிழமை வற்றாப்பளை அம்மனைப் பார்க்கப் போகிற சனமெல்லாம் பரந்தனில் திரும்பி முல்லைத்தீவு வீதியில் இறங்கும். அந்தத் திங்கட்கிழமைதான் அருந்ததியின் தமையன் குகதாசனை முள்ளியவளையில் பந்தல் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். சாவு நாள் நட்சத்திரம் பார்த்தா வருகிறது?

செய்தி வந்தது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். ஜெயபுரத்து வளவில் அருந்ததி கன்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றாள். மழை முகம் காட்டி வெகுநாள். கிணற்றில் விட்ட வாளி அடியைத் தட்டி மண்ணோடுதான் வரும். அந்த மண்டித் தண்ணீரைத் தெளிய வைத்து வார்க்கிற நேரத்தில் ஃபோன் அடித்தது. தமையனின் மனைவி சுமித்திரா.

“மச்சாள், உங்கடை அண்ணை போயிட்டார் மச்சாள். குளிச்சிட்டு வந்து கதிரையிலை இருந்தவர். தேத்தண்ணி கொண்டுவாறன் எண்டு குசினிக்கை போனனான். வந்து பாக்கிறன், இருந்தபடியே…”

அருந்ததி ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். கன்று வாளியைத் தட்டிவிட்டது. தெளிந்த தண்ணீரெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது.

மாமரத்தின் கீழ் அவளுடைய புருசன் நடராசா மோட்டார் சைக்கிளோடு குந்தியிருந்தார். அது அவருடைய பின்னேரப் பூசை. பெண்சாதிக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத கை, இஞ்சினை நாளுக்குப் பத்துத் தரம் தொட்டுப் பார்க்கும். இஞ்சினைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கிற தகடுகளுக்கு நடுவில் வயல்சேறு இறுகினால் காற்றுப் படாது என்று ஈர்க்கால் குத்திக் குத்தி எடுப்பார். ஒயில் ஒரு சொட்டுக் குறைய விடமாட்டார். பெற்றோல் வராத தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகிய மனிதர். பிளக்கில் நாலு துளி பெற்றோலை விட்டு உதைத்து எழுப்பி, மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓடவேண்டும். ஓடின கொஞ்சத்திலேயே இஞ்சின் காய்ச்சல்காரனைப்போலக் கொதிக்கும். நிறுத்தி ஆறவிட்டு, திரும்ப ஓடி, திரும்ப நிறுத்தி… அந்தப் பயம் அவருக்கு இன்னும் போகவில்லை என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள்.

குகதாசன் செத்ததை அவருக்கு எப்படிச் சொல்வதென்று அருந்ததிக்குத் தெரியவில்லை. பதினாறு வருடமாக அந்தப் பெயரை வாயில் எடுக்காத மனிதர். எடுக்கவேண்டி வந்தால் ‘அந்த ஆள்’ என்பார். தமையனோடு அவள் கதைப்பதெல்லாம் இவர் வயலுக்குப் போன பிறகு, களவாக, ஃபோனில். மூத்தவள் பிரியந்தினியின் கலியாணத்துக்கு வந்த குகதாசன் மண்டபத்துக்குள் வராமல் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டுப் போனான்.

“இஞ்சாருங்கோ” என்றாள். “அண்ணை மோசம் போயிட்டாராம்.”

நடராசா ஈர்க்கைக் கீழே வைத்தார். கையைப் பழந்துணியில் துடைத்தார். துடைத்த கையைத் திரும்பவும் துடைத்தார்.

“எப்ப எடுக்கினமாம்?”

“நாளைக்கு மத்தியானத்துக்கு முன்னம். கோயிலடி ஊர்தானே. பொங்கல் நாளிலை பின்னேரம் மட்டும் வைச்சிருக்க ஊராக்கள் விடமாட்டினமாம்.”

அவர் இஞ்சினைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நல்லதுக்குப் போகாட்டிலும் கெட்டதுக்குப் போகத்தானே வேணும். விடிய வெள்ளென வெளிக்கிடு. நான் ஏத்திக்கொண்டு போறன்.”

அதுவரை அழாத அருந்ததி அந்தச் சொல்லுக்குத்தான் அழுதாள். அண்ணனுடைய முகத்தை ஒருதரம் பார்க்கவேண்டும், அதைவிட இவர் பார்க்கவேண்டும். செத்த முகத்தின் முன்னால் பகை நிற்காது என்று அவள் நம்பினாள். உயிரோடு நடக்காதது பிணத்தின் முன்னாலாவது நடக்கட்டும் என்று அன்றிரவு முழுக்க அம்மனை மன்றாடினாள்.

“பஸ்ஸிலை போவமோ அப்பா?” என்று மட்டும் அவரிடம் ஒருதரம் கேட்டாள்.

“பொங்கலுக்குப் போற பஸ்ஸிலை காலூண்ட இடம் இருக்குமோ? மோட்டார் சைக்கிள்தான் சரி.”

விடியப்புறம் கன்றை அவிழ்த்துவிட்டு, பாலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வெளிக்கிட்டார்கள். அருந்ததி ஒரு பழைய சாம்பல் நிறச் சேலை உடுத்தியிருந்தாள். பூநகரி தாண்டிப் பரந்தன் வீதியில் ஏறும்போது வெயில் இன்னும் இளசு. இரண்டு பக்கமும் அரிவு வெட்டிய வயல், உவர் பூத்த தரவை வெளி. வண்டி சீராக ஓடியது. இப்படியே போனால் அண்ணன் தலைமாட்டில் இருந்து ஆற அமர அழலாம் என்று அருந்ததி நினைத்தாள்.

பரந்தன் சந்தியில் நடராசா தேத்தண்ணிக் கடை ஓரமாக நிறுத்தினார்.

“கொஞ்சம் ஆறட்டும். நீயும் ஒரு தேத்தண்ணி குடி. அங்கை போனாப் பச்சைத்தண்ணியும் கிடையாது.”

பிளேன்ரீயை ஊதி ஊதிக் குடிக்கையில் அவளுடைய கண் பஸ் தரிப்பிடத்துக்குப் போனது. போன வருடம் இதே பாலைப்பழக் காலத்தில் கிளிநொச்சிக்கு மருந்தெடுக்கப் போய்விட்டு வரும்போது குகதாசனை அங்கேதான் கண்டாள். அவனும் பஸ்ஸுக்கு நின்றான். கையிலிருந்த பாலைப்பழப் பையை அப்படியே அவளிடம் தந்துவிட்டு, “கொண்டுபோ, மச்சானுக்கு விருப்பம்” என்றான். அதை அவள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. பஸ்ஸுக்குள் இருந்து ஒவ்வொன்றாகத் தின்று, பிசின் ஒட்டின வாயோடு அழுதுகொண்டு வந்தாள். ஆரிடம் வாங்கினாய் என்று கேட்டால் என்ன சொல்வது?

முல்லைத்தீவு வீதியில் திரும்பினதும் சனம் தொடங்கிவிட்டது. வான், லொறி, பெட்டி பூட்டின உழவு இயந்திரம், குடும்பத்தோடு ஓட்டோ, வேப்பிலை கட்டின மோட்டார் சைக்கிள். சோளகக் காற்று எழும்பிப் பின்னாலிருந்து புழுதியை அள்ளி வீசியது. தருமபுரத்தில் ஒரு மருதமரத்தின் கீழ் திரும்ப நிறுத்தினார்.

“என்னப்பா, இப்பதானே ஆறவிட்டனியள்?”

“சோளகம் முதுகிலை அடிக்குது, விளங்குதே? நாங்கள் போற வேகத்திலை அதுவும் வருது. முன்னாலை இருந்து காத்துப் பிடிச்சால்தானே இஞ்சின் ஆறும். போதாக்குறைக்கு உந்தச் சனத்துக்கை ரெண்டாம் கியரிலை ஊரவேண்டிக் கிடக்கு. இப்பிடி ஓடினால் சூடேறாமல் என்ன செய்யும்?”

சொன்னதில் பிழை இல்லை. காற்று முதுகில் அடிப்பதை அவளே உணர்ந்தாள். வியர்வை காயாமல் சட்டை நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. விசுவமடுவில் சந்தை வாசலில் மறுபடியும் நிறுத்தினபோதும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. இஞ்சின் சூடு என்ற சொல்லுக்கு மறுசொல் சொல்ல உலகத்தில் எவருக்கும் வாயிருக்கலாம், அருந்ததிக்கு இல்லை. அந்தச் சொல்லுக்காகப் பதினாறு வருடமாக வழக்காடுகிறவள் அவள்.

கடைசிச் சண்டைக் காலத்தில் ஊரெல்லாம் கிழக்கே நகர்ந்து தேவிபுரத்தில் தறப்பாள் கூடாரம் கட்டியிருந்தது. அருந்ததியின் இளையவள் கௌசலாவுக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும். தை மாதத்து ஈரமும் புகையும் சேர்ந்து அன்று காலை பிள்ளைக்கு இழுக்கத் தொடங்கியது. உதடு நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரி இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைலுக்கு அங்கால். பக்கத்துத் தறப்பாளில் குகதாசனிடம் மண்ணெண்ணெயில் ஓடுகிற மோட்டார் சைக்கிள் நின்றது. விடிந்ததிலிருந்து காயக்காரரை ஏற்றி இறக்கிவிட்டு அப்போதுதான் வந்து நின்றான். ‘இஞ்சின் கொதிக்குது மச்சான், இப்ப எடுத்தால் இறுகிப் பிடிச்சுப்போடும், அரை மணித்தியாலம் ஆறட்டும், நானே கொண்டுபோறன்’ என்றான். அருந்ததி நம்பாமல் இஞ்சினில் உள்ளங்கையை வைத்தாள். தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, வலது கையில், கோடுபோட்ட மாதிரி. எல்லோரும் மரத்தடியில் இருந்து இஞ்சின் ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இஞ்சின் ஆறுவதற்கு முன்னம் பிள்ளை ஆறிவிட்டது.

தேவிபுரத்தில் நடராசா நிறுத்தின இடத்தில் ஒரு செடி நிழல்கூட இல்லை. வெட்டவெளி. தார் றோட்டு கண்ணாடிபோல் மினுங்கியது. அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கைப்பிடியில் கொழுவினார்.

“இஞ்சை நிழல் இல்லையேப்பா. புதுக்குடியிருப்பிலை போய் நிப்பமே.”

“நிப்பாட்டினால் எங்கையும் ஆறும்.”

ஃபோன் அடித்தது. சுமித்திரா. பின்னால் பறை கேட்டது. “எங்கை மச்சாள் நிக்கிறியள்? ஐயர் வந்திட்டார். கிரியை தொடங்கப்போகுது.” வந்துகொண்டிருக்கிறோம் என்று சொல்லிவிட்டு அருந்ததி அவரைப் பார்த்தாள். அவர் றோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டின மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மதிலுக்குள்தான் அந்த மரம் நின்றது. இப்போது இல்லை.

“இதிலைதானேப்பா” என்றாள் மெல்ல.

“தெரியும்.”

“இண்டைக்கெண்டாலும் மனசை விடுங்கோ. செத்தவரோடை என்ன கோவம்? இஞ்சின் உண்மையிலை கொதிச்சதுதான். என்ரை கை சாட்சி.”

“நான் கொதிக்கேல்லை எண்டு எப்பவெண்டாலும் சொன்னனானோ?” நடராசாவின் குரல் உயர்ந்தது. “கொதிச்சது. சரி. கொதிச்சால் என்ன? பிடிச்சால் பிடிக்கட்டும்! ஒரு கட்டை ஓடிப் பிடிச்சிருந்தால் ஒரு கட்டை கிட்டவாப் போயிருக்கும் பிள்ளை. மிச்சத்தை நான் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பன். அவனுக்குப் பெரிசாத் தெரிஞ்சது இரும்பு.”

“இரும்பெண்டு நினைக்கேல்லை. அந்தச் சைக்கிளும் போனால் அந்த இடத்திலை வேறை ஆருக்கும் ஒண்டும் இல்லை. விடிஞ்சதிலையிருந்து எத்தினை பேரை ஏத்தினவர்…”

“ஓம். ஊரையெல்லாம் ஏத்தினவன். என்ரை பிள்ளைக்குத்தான் ஆறவேண்டிக் கிடந்தது.”

அருந்ததிக்கு வேறொன்றும் தெரியும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்போதே ஓடியிருக்கலாம். இவரும் ஓடவில்லை. அரை மணித்தியாலம்தானே என்று அந்த மரத்தடியில் இவரும் குந்தியிருந்தார், அவளும் இருந்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று இவர் குகதாசனைப் பகைத்ததெல்லாம் தன்னைப் பகைக்க முடியாமல்தான். அதை ஒருநாளும் அவள் சொன்னதில்லை. சொன்னால் மனிதர் உயிரோடு இருக்கமாட்டார்.

“போவமப்பா” என்றாள். கொஞ்சநேரம் கழித்துத்தான் உதைத்தார்.

புதுக்குடியிருப்பு தாண்டிக் கேப்பாப்புலவு வழியில் திரும்பினதும் எல்லாம் நின்றது. முன்னால் தூக்குக்காவடி ஒன்று போய்க்கொண்டிருந்தது. உழவு இயந்திரத்தில் நிமிர்த்திக் கட்டின மரத்தில் முதுகிலும் காலிலும் முள்ளுக் கொழுவி ஒரு மனிதன் தொங்கினான். பின்னால் பறைமேளம், அதற்குப் பின்னால் அரோகராச் சனம். நடைவேகம். காவடியை முந்திப் போக எவனுக்கும் மனம் வராது. பின்னால் வந்த வாகனமெல்லாம் ஒன்றோடொன்று மூக்கை உரசிக்கொண்டு புகை கக்கியது. கீழே தார் கொதித்தது, மேலே வெயில் கொதித்தது.

நடராசா இஞ்சினை நிறுத்தினார். “கிளச்சைப் பிடிச்சுப் பிடிச்சு ஊர்ந்தால் எரிஞ்சுபோம். இறங்கு, உருட்டுவம்.”

அவர் உருட்ட, அவள் பின்னால் நடந்தாள். நேர்த்திக்காரர் வெறுங்காலோடு நடக்க, இவள் செருப்போடு, சாம்பல் சேலையோடு நடந்தாள். தண்ணீர்ப் பந்தலில் ஒரு பெண் சர்க்கரைத் தண்ணீரை நீட்டினாள். செத்தவீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லி அருந்ததி கையை மடக்கினாள். “தாகத்துக்கு என்ன துடக்கு, குடியுங்கோ அம்மா” என்று அந்தப் பெண் பச்சைத்தண்ணீரை ஒரு போத்தலில் ஊற்றித் தந்தாள். அந்த ஈரம் அருந்ததியின் நெஞ்சுவரை போனது.

பந்தலைத் தாண்டி ஒரு நாவல்மர நிழலில் நடராசா வண்டியைச் சாய்த்து நிறுத்தினார். அப்போதும் ஃபோன்.

“மச்சாள், பெட்டியை மூடப்போகினமாம். நான் மறிச்சுக்கொண்டு நிக்கிறன். எவ்வளவு நேரத்துக்கு மறிக்கிறது? இண்டைக்குப் பொங்கல், விளங்காதோ எண்டு பேசினம்.”

“வாறம் மச்சாள், வாறம். கிட்டவந்திட்டம்” என்று அருந்ததி கத்தினாள். பக்கத்தில் பெரிய மோட்டார் சைக்கிளோடு நின்ற ஒரு இளந்தாரி திரும்பிப் பார்த்தான். வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு.

“ஆரம்மா மோசம் போனது?”

“என்ரை அண்ணை தம்பி. முள்ளியவளையிலை. மூடப்போகினமாம்.”

“நான் தண்ணீரூற்றுத்தான், ஜனார்த்தனன் எண்டு பேர். இதாலை உள்ளுக்கை ஒரு மணல்பாதை இருக்கு, வயல்கரையாலை போய் நேரே ஊருக்கை ஏறலாம். ஏறுங்கோ, ஒரு இழுப்பிலை கொண்டுபோய் விடுறன். ஐயா ஆறுதலா வரட்டும்.”

அருந்ததியின் கால் தானாக ஒரு அடி வைத்தது. பிறகு நின்றது. ஆரோ ஒரு பெடியனின் பின்னால் இருந்து அண்ணனின் வாசலில் போய் இறங்கினால் சனம் என்ன கேட்கும்? நடராசா வரவில்லையா என்று கேட்கும். இவரும் ‘நீ பாத்தனிதானே’ என்று இந்த நாவல்மரத்தடியிலிருந்தே வீட்டுக்குத் திரும்பிவிடுவார். இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கவேண்டும் என்றுதானே இரவு முழுக்க மன்றாடினாள்.

“வேண்டாம் தம்பி” என்றாள். “இவரோடைதான் போவன்.”

அந்தப் பெடியன் நடராசாவுக்குப் பாதையைக் கைகாட்டி விளங்கப்படுத்தினான். எந்த இடத்தில் பனைக்கூடல், எந்த இடத்தில் இடப்பக்கம் திரும்புவது என்று. நடராசா தலையாட்டினார். “ஓம் தம்பி, இஞ்சின் ஆறினதும் அதாலை வாறம். இப்ப எடுத்தால் பிடிச்சுப்போடும்.” அவன் போய்விட்டான்.

அருந்ததி போத்தலைத் திறந்தாள். “கொஞ்சம் தண்ணியை ஊத்தட்டோ அப்பா, கெதியா ஆறுமே?”

“விசரே உனக்கு? கொதிக்கிற இரும்பிலை பச்சைத்தண்ணி பட்டால் வெடிச்சுப்போடும்.”

ஊற்றக்கூடாதென்றால் துணியை நனைத்துப் போடலாம் என்று நினைத்தாள். மண்ணெண்ணெய்க் காலத்தில் ஈரச்சாக்குப் போடுகிறதை அவளும் கண்டிருக்கிறாள். அவர் அப்பால் திரும்பிக் காவடியைப் பார்த்துக்கொண்டு நிற்க, முகம் துடைக்கிற லேஞ்சியை நனைத்துப் பிழிந்து இஞ்சின் தகடுகளின் மேல் வைத்தாள். சீறும் என்று கையை வெடுக்கென்று இழுத்தாள். சீறவில்லை. ஆவி எழும்பவில்லை. லேஞ்சி பேசாமல் கிடந்தது.

அவள் லேஞ்சியை எடுத்துவிட்டு வலது உள்ளங்கையை வைத்தாள். தழும்பிருந்த அதே கை. கன்றுக்குட்டியின் முதுகில் இருக்கிற சூடுகூட இல்லை. எவ்வளவு நேரமாக உருட்டிக்கொண்டு வந்தது! எப்போதோ ஆறிவிட்டது.

நிமிர்ந்தபோது நடராசா அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பறை தள்ளிக் கேட்டது. அவளுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இந்த மனிதரோடு இவ்வளவு காலம் ஒரே பாயில் படுத்து எழும்பினேனே என்று வந்த பயம்.

“எடுங்கோ” என்றாள். “பிடிச்சால் பிடிக்கட்டும்.”

தேவிபுரத்தில் அவர் சொன்ன சொல். அதை அவளுடைய வாயில் கேட்டதும் நடராசாவின் முகம் சுண்டிப்போனது. தலைக்கவசத்தைப் போடவும் மறந்து ஏறி உதைத்தார்.

அதற்குப் பிறகு அவர் ஓட்டினதை ஓட்டம் என்று சொல்லமுடியாது. மணல்பாதையில் சக்கரம் புதையப் புதைய முதலாம் கியரில் இஞ்சினைக் கதறவிட்டார். வயல்கரையில் முள்ளு அவளுடைய சேலையைக் கிழித்தது. எரிந்த ஒயில் மணம் மூக்கில் ஏறியது. காலுக்குக் கீழே இருந்து அனல் அடித்தது. நிறுத்தவே இல்லை.

முள்ளியவளையில் வீட்டுப் படலையில் தோரணம் அறுந்து கிடந்தது. முற்றத்தில் பெண்கள் மஞ்சள்தண்ணி தெளித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்கு நடுவில் பெட்டி வைத்திருந்த வாங்குகள் மட்டும் நின்றன. சுமித்திரா தலைவிரிகோலமாக ஓடிவந்து அருந்ததியைக் கட்டிப்பிடித்தாள்.

“என்ரை மச்சாள்! இப்பதான், இப்பதான் படலையைத் தாண்டினது. உங்களுக்காக இவ்வளவு நேரம் காலைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தனான்.”

அருந்ததி அவளை உதறிவிட்டு ஒழுங்கையால் ஓட வெளிக்கிட்டாள். நாலைந்து கைகள் பிடித்து இழுத்தன. பெண்கள் சுடலைக்குப் போகிற வழக்கம் இல்லை. ஒருத்தி சொன்னாள், “விசர் வேலை பாக்காதையுங்கோ, படலையோடை எங்கடை பங்கு முடிஞ்சுது.” இன்னொருத்தி சொன்னாள், “ஆம்பிளையள் போகலாம். கொள்ளி வைக்க முன்னம் ஒருக்கால் முகம் திறப்பினம்.”

நடராசா இறங்காமல் வண்டியிலேயே இருந்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அருந்ததி படலைக்கு உள்ளே நின்று அவரைப் பார்த்தாள். பார்க்க விரும்பினவளுக்குப் போகமுடியாது, பார்க்கக்கூடாதென்று இருந்தவருக்குத்தான் பாதை திறந்து கிடக்கிறது.

“போங்கோ” என்றாள். “எனக்காண்டி ஒருக்காப் பாத்திட்டு வாங்கோ.”

போன ஆண்கள் குளித்து ஈரவேட்டியோடு திரும்பி வந்தார்கள். குகதாசனின் மகன் நிருஷன் மொட்டைத் தலையோடு வந்தான். அதற்கும் எவ்வளவோ பிந்தித்தான் நடராசா வந்தார். ஒழுங்கை முகப்பில் பூவரச நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு அங்கேயே குந்திவிட்டார். அருந்ததி போய்ப் பக்கத்தில் இருந்தாள். அவருடைய கண் சிவந்திருந்தது. புகையாகவும் இருக்கலாம்.

“முகம் பாத்தியளோ?”

“பாத்தன்.”

“சொல்லுங்கோ.”

நடராசாவுக்குக் கதை வராது. தட்டித் தடவிச் சொன்னார். “நெத்தி நிறையத் திருநீறு. மீசை நல்லா நரைச்சுப்போச்சு. நான் நினைச்சன் கறுப்பாத்தான் இருக்கும் எண்டு. வாய் கொஞ்சம் திறந்தபடி… ஏதோ சொல்ல வெளிக்கிட்டவன் மாதிரி.”

“எங்கடை அம்மான்ரை சாயல் தெரிஞ்சுதோ?”

“மூக்கு. மூக்கு அவாதான்.”

“வாய்க்கரிசி?”

“நிருஷன் தந்தவன். மாமா போடுங்கோ எண்டு. போட்டன்.” கையை விரித்துப் பார்த்தார். “அந்த வாய்க்கை போட்டன் அருந்ததி.”

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சோளகம் பூவரசை அலைத்தது. தூரத்தில் பறையும் அரோகராவும் கேட்டன. அங்கே பொங்கலுக்குச் சனம் போய்க்கொண்டே இருந்தது.

“நாவல்மரத்தடியிலை இஞ்சின் சூடில்லை” என்றார் நடராசா.

“தெரியும்.”

“தேவிபுரத்திலையும் இல்லை.”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“விசுவமடுவிலையும்” என்றார். “பரந்தனிலையும். நேத்தே சொல்லியிருக்கலாம், நான் வரேல்லை, நீ பஸ்ஸிலை போ எண்டு. வாறன் எண்டு சொன்ன வாய், போகப் போக…”

பரந்தனில் குடித்த தேத்தண்ணி அவளுக்கு நினைவு வந்தது. நீயும் குடி என்று எவ்வளவு அன்பாகச் சொன்னார். அந்த ஒரு வாய் அன்பையும் இனி அவள் சந்தேகத்தோடுதான் நினைக்கவேண்டும். அண்ணன் போனதைவிட அது கூட வலித்தது.

வெயில் சாயத் தொடங்கியது. சுமித்திரா இரண்டுதரம் வந்து உள்ளே கூப்பிட்டுவிட்டுப் போனாள். விளக்கு வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். அருந்ததி போய் விளக்கடியில் கும்பிட்டுவிட்டு வந்தாள். அண்ணனின் கதிரையை ஒருதரம் தொட்டாள். அது வெறும் பிளாஸ்ரிக் கதிரை.

ஒழுங்கைக்கு வந்தபோது நடராசா எழும்பி நின்றார். மோட்டார் சைக்கிளில் தகடுகளுக்கிடையில் மணல் அப்பிக் கிடந்தது. ஒயில் வழிந்து கறுத்திருந்தது.

“சுடலையிலையிருந்து உதைக்க உதைக்க வரமாட்டன் எண்டிட்டுது” என்றார். “அரைவாசித் தூரம் தள்ளிக்கொண்டுதான் வந்தனான். எழும்பினாப் பிறகு விடாமல் முறுக்கினதிலை இன்னும் கொதிக்குது. போகேக்கை சோளகம் முன்னாலை அடிக்கும், பயமில்லை. இப்ப கொஞ்சம் ஆறவேணும். உண்மையாத்தான் சொல்லுறன். வேணுமெண்டால் கையை வைச்சுப் பார்.”

அருந்ததி கையை வைக்கவில்லை. அவளுக்கு அது கொதிக்கிறதா இல்லையா என்று அறிய விருப்பம் இல்லை. பூவரசின் கீழே அவர் இருந்த இடத்துக்கு எட்டத் தள்ளி, சேலையை ஒதுக்கிக்கொண்டு இருந்தாள்.

“ஆறட்டும்” என்றாள். “இனி என்ன அவசரம்.”